வளவில் தொங்கும் டேட்டா லாகர்: ஈயம் வைப்பது முதல் உப்புச் சோதனை வரை

சித்திரை மதியத்தில் செட்டிநாட்டு வீட்டின் முகப்பைத் தாண்டி வளவுக்குள் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) கால் வைத்ததும் "அப்பாடா" என்று வருகிறதே, அது எத்தனை டிகிரி? காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஒரு தெர்மாமீட்டரை மதியம் 2 மணிக்கு இங்கும் அங்கும் காட்டினால் இதற்குப் பதில் வராது. கனத்த சுவர் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில்தான் மெல்ல விடும். வீதியில் சூடு இறங்கிப் பல மணி நேரம் கழித்தும் உள்வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருக்கலாம். மதியம் உள்ளே குளிர்ச்சி என்று சொன்னவரே விடியற்காலை வெளியேதான் குளிர்ச்சி என்பார், இரண்டும் உண்மை. இதைப் பிடிக்க 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங் வேண்டும். ஒரு நாளைக்கு 96, வருடத்துக்கு 35,040. அதை எழுதி வைக்கும் கருவிதான் டேட்டா லாகர்.

வைஃபை உள்ள போர்டு ஒன்றை வாங்கி நெட்டில் ஏற்றிவிடலாமே என்று முதலில் தோன்றும். நம் ஊரில் அது எடுபடாது. அளக்க வேண்டிய வீடுகளில் பாதி பூட்டிக் கிடப்பவை. கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால் திறப்பார்கள், மற்ற நாளில் மெயின் சுவிட்சே கீழே இறங்கியிருக்கும். வைஃபை ரேடியோ வேலை செய்யும்போது நூறு மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும், பேச ரவுட்டரும் இருக்காது. ஆகவே மின்சாரமும் நெட்டும் ஆள் துணையும் இல்லாமல் பல மாதம் தனியாகக் கிடந்து எழுதும் ஒன்றைத்தான் கட்ட வேண்டும். பேட்டரி, மெமரி கார்டு, கடிகாரம், சென்சார், இவற்றை எழுப்பவும் தூங்க வைக்கவும் ஒரு சிறு கன்ட்ரோலர். அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை: கன்ட்ரோலராக ஆர்டுயினோ புரோ மினி போர்டு, 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ் வகை (5 வோல்ட் 16 மெகாஹெர்ட்ஸ் வகையும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், கேட்டு வாங்குங்கள்). டிஎஸ்3231 கடிகார மாட்யூல். மைக்ரோ எஸ்டி கார்டு மாட்யூல். காற்றின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் எஸ்எச்டி31. சுவரோ தண்ணீரோ அளக்க, ஸ்டீல் குழாய்க்குள் அடைத்த டிஎஸ்18பி20. மூன்று ஏஏ பேட்டரி வைக்கும் ஹோல்டர். 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1 மெகாஓம் இரண்டு, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. புரோகிராம் ஏற்ற யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்று, அதில் வோல்டேஜ் ஜம்பரை 3.3-இல் வைக்க மறக்கக் கூடாது. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ், அதற்குள் ஒயரை இறுக்கமாக நுழைக்கும் கேபிள் கிளாண்ட். கடைக்குக் கடை விலை மாறும் என்றாலும், அடாப்டரைக் கழித்தால் ஒரு லாகருக்கு ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி முடிந்துவிடும்.

டிஎச்டி11 என்ற நீல நிறச் சென்சாரை விட்டுவிடுங்கள். அதன் துல்லியம் ±2 டிகிரி. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசமே சில டிகிரிதான் என்னும்போது ±2 டிகிரி கருவியால் அளப்பது, தராசில் கல்லோடு கையையும் வைப்பது போல. எஸ்எச்டி31 வெப்பத்துக்கு ±0.2 டிகிரி, ஈரப்பதத்துக்கு ±2 சதவீதம் என்கிறது. விலை கூடுதல்தான், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

ஒயரிங் எளிது. கடிகாரமும் எஸ்எச்டி31-உம் ஐ2சி கம்பியில் (பல சில்லுகள் பொதுவாகப் பேசும் இரண்டு ஒயர்): எஸ்டிஏ ஏ4-க்கு, எஸ்சிஎல் ஏ5-க்கு. புரோ மினியில் இந்த இரண்டு ஓட்டையும் ஓரத்து வரிசையில் இல்லை, போர்டின் உள்பக்கம் இருக்கின்றன. கடிகாரத்தின் எஸ்க்யூடபிள்யூ காலை 2-ஆம் பின்னுக்குக் கொண்டுபோங்கள், கன்ட்ரோலரை எழுப்பும் மணிக்கயிறு அதுதான். கார்டு மாட்யூலுக்கு 10, 11, 12, 13. டிஎஸ்18பி20-இன் டேட்டா ஒயர் 4-க்கு, அதற்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோஓம். பேட்டரி வோல்டேஜைப் பார்க்க இரண்டு 1 மெகாஓமைத் தொடராக வைத்து, நடுப்புள்ளியை ஏ0-க்கு எடுங்கள். ஏ0-க்கும் கிரவுண்டுக்கும் இடையே அந்த 0.1 மைக்ரோஃபாரட். கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வழியாக வரும் ரீடிங் தள்ளாடும். பிரட்போர்டில் ஓடவிட்டுப் பார்ப்பதோடு சரி, வீட்டில் தொங்கவிடப்போவதை ஈயம் வைத்தே கட்டுங்கள். ஜம்பர் ஒயர் நம் ஊர் ஐப்பசி ஈரத்துக்குத் தாங்காது. ஒரு கால் சற்றே பச்சை பூத்தால் போதும், ரீடிங் விட்டுவிட்டு வரும். எங்கே தப்பு என்று தேடி நாள் போகும்.

கட்டும் முன் மூன்று இடத்தில் கத்தி வைக்க வேண்டும்.

முதலில் புரோ மினியின் பவர் எல்இடி. சும்மா எரிந்துகொண்டே ஒரு மில்லிஆம்பியருக்கு மேல் தின்னும். சால்டரிங் அயர்ன் நுனியால் சூடு காட்டித் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அதன் ரெசிஸ்டரைப் பெயர்த்துவிடுங்கள். கடிகார மாட்யூலிலும் இதே மாதிரி ஒரு எல்இடி உண்டு, அதுவும் போகட்டும்.

இரண்டாவது, அந்தக் கடிகார மாட்யூலில் உள்ள சார்ஜிங் பாதை. ரீசார்ஜ் ஆகும் நாணய பேட்டரிக்காக 200 ஓம் ரெசிஸ்டரும் ஒரு டயோடும் வைத்திருப்பார்கள். நாம் போடுவது சாதாரண சிஆர்2032, அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. 3.3 வோல்ட்டில் ஓடும்போது டயோடில் இழந்தது போக 2.7 வோல்ட்தான் மிஞ்சும், அதனால் ஆபத்து தெரியாது. என்றைக்காவது மறந்து 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பிவிடும். ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

மூன்றாவதுதான் பெரிய தின்னி: கார்டு மாட்யூல். கடையில் அதிகம் கிடைப்பது 5 வோல்ட் ஆர்டுயினோவுக்கானது. அதில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் இருக்கும். அது ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிற்கவே 5 மில்லிஆம்பியரை ஒட்டிக் கேட்கும். ரெகுலேட்டர் இல்லாத, வெறும் சாக்கெட்டும் சில ரெசிஸ்டரும் மட்டுமுள்ள 3.3 வோல்ட் மாட்யூலைத் தேடி வாங்குங்கள்.

இது ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டால் தெரியும். சரியாகக் கட்டிய லாகர் தூங்கும்போது இழுப்பது: கடிகாரம் சுமார் 0.1 மில்லிஆம்பியர், தூங்கும் கார்டு 0.1-ஐ ஒட்டி, போர்டின் ரெகுலேட்டரும் மற்றவையும் இன்னொரு 0.1. மொத்தம் 0.3 என்று வையுங்கள். நல்ல ஆல்கலைன் ஏஏ-வில் நாம் எடுக்கக்கூடியது 2,000 மில்லிஆம்பியர்-மணி என்றால், 2,000-ஐ 0.3-ஆல் வகுக்க 6,667 மணி நேரம், அதாவது 278 நாள். ஒன்பது மாதம். அந்த ஒரே ஒரு ஏஎம்எஸ்1117-ஐ விட்டுவைத்தால் 5.3 மில்லிஆம்பியர். 377 மணி நேரம், 16 நாளுக்குள் கதை முடிந்தது. மற்றதெல்லாம் ஒன்றே, போர்டு மேல் அரை விரல்கடை அளவுள்ள ஒரு கறுப்புச் சில்லுதான் வித்தியாசம்.

கணக்கு காகிதத்தில் இருக்கட்டும், அளந்தும் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை மில்லிஆம்பியரில் வைத்துத் தொடராகச் சேர்த்தால் ஒரு சிக்கல் வரும். கார்டு எழுதும்போது ஒரு கணம் நூறு மில்லிஆம்பியர் அளவுக்குப் பாயும், மீட்டரின் உள் தடையில் வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகும். பேட்டரியின் நேர் ஒயரில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, அதன் இரு முனையையும் ஒரு ஒயரால் குறுக்கே இணைத்துவிடுங்கள். லாகர் கிளம்பி, முதல் ரீடிங் எழுதி, தூங்கிய பிறகு அந்த ஒயரை எடுத்துவிட்டு ரெசிஸ்டரின் மேல் மில்லிவோல்ட் பாருங்கள். 3 மில்லிவோல்ட் என்றால் 0.3 மில்லிஆம்பியர். அடுத்த ரீடிங் நேரம் வரும் முன் ஒயரைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். 1 மில்லிஆம்பியருக்கு மேல் காட்டினால் முதலில் கார்டை மாற்றிப் பாருங்கள். சில கார்டுகள் தூங்கவே தூங்காது. எந்தக் கார்டு தூங்கும் என்று கவர் அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஒவ்வொன்றாகப் போட்டு அளப்பதுதான் வழி.

புரோகிராம் சின்னதுதான்: எழு, அள, எழுது, அடுத்த அலாரம் வை, தூங்கு. கார்டில் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுத வேண்டாம். கடிகார மாட்யூலிலேயே 4,096 பைட் இஇபிராம் (மின்சாரம் போனாலும் மறக்காத மெமரி) ஒன்று இலவசமாக உட்கார்ந்திருக்கிறது. வெப்பம் இரண்டு பைட், ஈரப்பதம் இரண்டு, டிஎஸ்18பி20 இரண்டு, பேட்டரி இரண்டு என ஒரு ரீடிங்குக்கு 8 பைட். ஒரு நாளுக்கு 768. நாளுக்கு ஒரு தடவை மொத்தமாகக் கார்டுக்கு மாற்றினால் போதும். கார்டு பழுதானாலும் ஐந்து நாள் ரீடிங் இஇபிராமில் பத்திரமாக இருக்கும். இதில் ஒரு பொறி: இந்த இஇபிராமின் பக்கம் (ஒரே தடவையில் எழுதக்கூடிய அளவு) 32 பைட், ஆர்டுயினோவின் ஐ2சி நூலகமும் ஒரு தடவைக்கு 32 பைட்தான் அனுப்பும், முகவரிக்கே அதில் 2 பைட் போய்விடும். 32-ஐ ஒரே மூச்சில் எழுதினால் கடைசி இரண்டு பைட் சத்தமில்லாமல் காணாமல் போகும். 8 அல்லது 16-ஆக எழுதுங்கள்.

மேசை மேல் ஒழுங்காக ஓடிவிட்டு வீட்டில் மாட்டியதும் காலை வாருகிற தப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, நேரம் அமைக்கும் வரி. பல மாதிரிப் புரோகிராம்களில், கம்பைல் செய்த நேரத்தைக் கடிகாரத்தில் ஏற்றும் வரி தொடக்கத்திலேயே இருக்கும். அதை அப்படியே விட்டால் பேட்டரி ஒரு கணம் ஆடி ரீசெட் ஆனாலும் கடிகாரம் பழைய தேதிக்கே ஓடிப்போகும். ஆடி மாதத்து ரீடிங் மேல் சித்திரைத் தேதி விழும், எங்கே மாறியது என்றும் பிறகு கண்டுபிடிக்க முடியாது. நேரம் அமைக்கத் தனிப் புரோகிராம், ஓட்டத் தனிப் புரோகிராம் என்று இரண்டாக வையுங்கள். மற்றது, அலாரம். கார்டு எழுத வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்து, அதற்குள் அடுத்த அலாரம் நேரம் கடந்துவிட்டால் மணி அடிக்காது. மணியும் நிமிடமும் பொருந்தினால் எழுப்பு என்று வைத்திருந்தால் அடுத்த நாள் அதே நேரம் வரைக்கும் லாகர் உறக்கம்தான். தூங்கப் போகும் முன் ஒரு தடவை நேரத்தைப் பார்த்து, அலாரம் கடந்திருந்தால் அடுத்த 15-க்குத் தள்ளுங்கள். முந்தைய அலாரக் கொடியை (அலாரம் அடித்தது என்று கடிகாரம் வைக்கும் குறி) அழிக்காமல் தூங்கினாலும் இதே கதிதான்.

லாகர் ஓடுகிறது, கார்டில் எண் வருகிறது. இங்கே பலரும் நிறுத்திவிடுகிறார்கள். செத்துப்போன லாகரைப் பார்த்ததும் தெரிந்துவிடும். 2 டிகிரி தள்ளிக் காட்டும் லாகர் ஒன்பது மாதமும் நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டிருக்கும். மலிவுப் பொருளில் கட்டும்போது மிச்சமாகும் பணத்தைச் சோதனைக்கு ஆகும் நாளாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு லாகர் கட்ட ஒரு நாள் என்றால் சோதனைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கடிகாரத்துக்கு மட்டும் ஒரு மாதம், அதை மற்ற வேலையோடு ஓரமாக ஓடவிடலாம்.

கடிகாரத்தை செல்போன் நேரத்தோடு நொடிக்கு நொடி ஒத்து வைத்துவிட்டு 30 நாள் கழித்துப் பாருங்கள். டிஎஸ்3231-இன் உறுதி 0 முதல் 40 டிகிரி வரை ±2 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு இரண்டு), மாதத்துக்கு 5 நொடி. எம் என்ற எழுத்தோடு முடியும் டிஎஸ்3231எம் வேறு வகை, ±5 பிபிஎம், அதனால் 13 நொடி வரை போகலாம். நிமிடக் கணக்கில் ஓடியிருந்தால் அது போலி, எடுத்து வீசுங்கள்.

வெப்பத்துக்கு ஐஸ் சோதனை. சுத்திகரித்த தண்ணீரில் உறையவைத்த ஐஸை நன்றாகப் பொடித்து பிளாஸ்க்கில் நிரப்பி, அதே தண்ணீரை இடுக்கெல்லாம் நிறையும் வரை மட்டும் ஊற்றுங்கள். ஐஸ் மிதக்கும் அளவுக்கு ஊற்றினால் கெட்டது. 4 டிகிரித் தண்ணீர்தான் கனமானது, அது அடியில் போய் உட்காரும், அடியைத் தொடும் சென்சார் அதைத்தான் காட்டும். சென்சாரை நடுவில் ஐஸுக்குள் புதைத்து, அவ்வப்போது கிளறி, 20 நிமிடம் கழித்து எண்ணைக் குறியுங்கள். 0-லிருந்து எவ்வளவு விலகலோ அதுதான் அந்தச் சென்சாரின் பிழை. போர் தண்ணீரில் செய்த ஐஸ் வேண்டாம், உப்பு கலந்திருந்தால் அது 0 டிகிரியில் உருகாது. டிஎஸ்18பி20-இல் போலி ஏராளம். ±0.5 டிகிரிக்குள் நிற்காததை ஒதுக்கிவிடலாம். கூடவே இரண்டு எண்ணை நினைவில் வையுங்கள்: ரீடிங்கில் சரியாக 85.00 வந்தால் சென்சார் அளக்கவே இல்லை, பவர் வந்ததும் காட்டும் எண் அது. 12 பிட்டில் அளக்க அதற்கு 750 மில்லிசெகண்ட் வேண்டும், காத்திருக்காமல் கேட்டிருப்பீர்கள். −127 வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது. இந்த இரண்டையும் வடிகட்டாமல் சராசரி போட்டால் வரைபடம் கேலிக்கூத்தாகும்.

எஸ்எச்டி31-ஐ ஐஸில் இறக்க முடியாது. ஐஸில் தேறிய டிஎஸ்18பி20-ஓடு சேர்த்து எல்லா லாகரையும் ஒரே தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, ஜன்னல் அடைத்த உள்வீட்டில் மூன்று நாள் ஓடவிடுங்கள். கனத்த சுவர் இங்கே நமக்கு உதவி, வெப்பம் மெல்ல மெல்லத்தான் மாறும். ஒவ்வொன்றும் மற்றவற்றின் நடு எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இரவும் பகலும் ஒரே அளவு தள்ளி நின்றால் கழித்துச் சரிசெய்யலாம். சூடு ஏற ஏற விலகலும் ஏறினால் அந்தச் சென்சாரை நம்பாதீர்கள்.

ஈரப்பதத்துக்கு உப்பு. சோடியம் குளோரைடு நனைந்த நிலையில் மூடிய பாட்டிலுக்குள் இருந்தால் அதன் மேலுள்ள காற்றின் ஈரப்பதம் 25 டிகிரியில் 75.3 சதவீதத்தில் வந்து நிற்கும், 30 டிகிரியில் 75.1. வெப்பத்தால் அதிகம் மாறாததால்தான் இந்த உப்புக்கு இவ்வளவு மரியாதை. இரண்டாவது புள்ளிக்கு மக்னீசியம் குளோரைடு: 25 டிகிரியில் 32.8, 30-இல் 32.4. அடுப்படிக் கல்லுப்பை எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் நீர் விட்டுக்கொள்கிறதே, அதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு. அதே கலப்பு இந்தச் சோதனையையும் 75-க்குக் கீழே இழுத்துவிடும். கெமிக்கல் கடையில் சுத்தமான சோடியம் குளோரைடு சிறு டப்பாவாகக் கிடைக்கும்.

செய்முறை: அகலவாய்க் கண்ணாடி பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்கு உப்பு. ஈர மணல் பதம் வரும் வரை சொட்டுச் சொட்டாகக் காய்ச்சி வடித்த தண்ணீர். உப்பு கரைந்து கஞ்சியாகிவிட்டால் தண்ணீர் அதிகம், இன்னும் உப்பு போடுங்கள். சென்சார் உப்பைத் தொடாமல் மூடியிலிருந்து தொங்க வேண்டும், ஒயர் நுழையும் ஓட்டையை மெழுகால் அடையுங்கள். ஒரு முழு நாள் கழித்துத்தான் எண்ணை நம்ப வேண்டும். பழைய ஊறுகாய் பாட்டில் கையில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் மூடியில் வினிகர் வாடை நிற்கும், அந்த ஆவி சென்சாரின் பாலிமர் படலத்தைக் கெடுக்கும். இதே காரணத்தால் பெட்டியை அடைக்க, புளித்த வாடை அடிக்கும் சிலிகான் பசையும் வேண்டாம். பாட்டில் இருக்கும் இடத்தில் வெயில் படக் கூடாது. உப்புக்கும் சென்சாருக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தாலே 75-இல் நான்கைந்து சதவீதம் பிசகும். சோதிப்பது சென்சாரையா, ஜன்னல் வெயிலையா என்று தெரியாமல் போகும்.

பிறகு கார்டை எடுத்து வரிகளை எண்ணுங்கள். பத்து நாள் என்றால் 960. 958 இருந்தால் அந்த இரண்டு எங்கே போயின என்று தெரியும் வரை மாட்டப் போக வேண்டாம்.

வீட்டில் மாட்டும் கதைக்கு வருவோம். முதல் விதி, ஆணி அடிக்காதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவரில் ஓட்டை போட்டால் அதே பூச்சைத் திரும்பச் செய்ய ஆள் பிடிப்பது குதிரைக் கொம்பு. பர்மா தேக்குத் தூணில் பருத்தி நாடாவால் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை மெருகைக் கீறும், வெயில் படும் இடத்தில் ஒரு கோடை தாண்டாது. சென்சார் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கட்டும். சுவரை ஒட்டி வைத்தால் சுவரின் சூட்டைத்தான் அளப்பீர்கள். அது வேண்டுமென்றால் அதற்கு டிஎஸ்18பி20 இருக்கிறது. வளவு வாசலுக்கு மேல் போட்ட இரும்புக் கம்பி வலையில் தொங்கவிடுவது எளிது, ஆனால் மதியத்தில் நேர் வெயில் அங்கேதான் இறங்கும். ஒரு வீட்டுக்கு நான்கு லாகர் இருந்தால் வெளித் திண்ணை, பட்டாலை (கூடம்), வளவு ஓரம், மாடியில் ஓட்டுக்கு அடியில் என்று வைக்கலாம். ஒன்றே ஒன்றுதான் என்றால் அதைக் கட்டவே வேண்டாம். வெளியே ஒன்று இல்லாமல் உள்ளே எடுக்கும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

வெளியே இருப்பதற்கு வெயில் மறைப்பு வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஆறேழு வாங்கி, மேல் தட்டு தவிர மற்றவற்றில் நடுவே வட்டமாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் நீளத் திருகாணியில் கவிழ்த்துக் கோர்த்தால் போதும். காற்று புகும், வெயில் புகாது. மலிவு மறைப்பின் பலவீனம் காற்றில்லாத மதியத்தில் தெரியும், உள்ளே சூடு தேங்கும். உங்கள் மறைப்பு எவ்வளவு ஏமாற்றுகிறது என்று அறிய, அடர்ந்த வேப்பமர நிழலில் ஒன்றும் அருகே வெயிலில் ஒன்றும் இரண்டு நாள் வைத்து ஒப்பிடுங்கள்.

இந்த மறைப்புக்கு மழையைவிடப் பெரிய எதிரி குளவி. தட்டுக்கு நடுவில் மண் கூடு கட்டிவிடும், சென்சார் கூட்டுக்குள் போனதும் ஈரப்பதக் கோடு நேராகிவிடும். கீழ்ப்பக்கம் நைலான் கொசுவலை கட்டுங்கள். எறும்பு ஜங்ஷன் பாக்ஸுக்குள் முட்டையோடு குடிபெயரும், கிளாண்டை இறுக்கி மூட வேண்டும். மச்சில் கிடக்கும் ஒயரை எலி விடாது, அரை இன்ச் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். பாக்ஸுக்குள் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம்.

ஊருணிக்கும் இதே போர்டுதான், சென்சார் மட்டும் மாறும். நீர்மட்டம் அளக்க எம்எஸ்5803-02பிஏ என்ற அழுத்தச் சென்சார். அதன் உச்சம் 2,000 மில்லிபார், காற்றழுத்தம் போக சுமார் 10 மீட்டர் தண்ணீருக்குத் தாங்கும். நம் ஊருணிகளுக்குத் தாராளம். 1 ஹெக்டோபாஸ்கல் (மில்லிபாரும் இதுவும் ஒன்றே) என்பது 1 சென்டிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சென்சார் தண்ணீரை மட்டும் அளப்பதில்லை, தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றையும் சேர்த்து அளக்கிறது. நம் பக்கம் காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும்: காலை 10, இரவு 10-ஐ ஒட்டி மேடு, மாலை 4, விடியற்காலை 4-ஐ ஒட்டிப் பள்ளம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல். அதைக் கழிக்காவிட்டால் ஊருணித் தண்ணீர் தினமும் இரண்டு தடவை 3 சென்டிமீட்டர் ஏறி இறங்குவதாக வரைபடம் காட்டும், கடல் ஓதம் மாதிரி. சித்திரை வெயிலில் ஒரு நாளில் ஆவியாவதே ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவு. கழிக்காத வரைபடத்தில் அது மூழ்கிப்போகும்.

ஆகவே கரையில் நிழலில் காற்றழுத்தத்துக்கு இன்னொரு லாகர். அதற்கு பிஎம்பி280 போதும். பிஎம்இ280 என்று சொல்லி இதையே விற்பவர்களும் உண்டு. சில்லின் அடையாள எண்ணைக் கேட்டால் வெளுத்துவிடும்: பதினாறடிமானத்தில் 58 வந்தால் பிஎம்பி, 60 வந்தால் பிஎம்இ. தண்ணீரில் இறக்கும் முன் இரண்டு அழுத்தச் சென்சாரையும் ஒரே மேசையில் இரண்டு நாள் வையுங்கள். அந்த நான்கு நேர மேடு பள்ளம் இரண்டிலும் ஒன்றாக வர வேண்டும், வராதது பழுது. இரண்டுக்கும் உள்ள நிலையான வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு பிறகு கழியுங்கள். தண்ணீரில் இறங்கும் சென்சாருக்குள் நீர் புகாமல் அடைக்க எப்பாக்சி பசை ஊற்றுவோமே, அது இறுகிய பிறகுதான் இந்தச் சோதனை. இறுகும்போது சென்சாரின் அடிப்பக்கம் அழுந்தி எண் நகர்ந்துவிடும்.

படித்துறை ஓரம் இரண்டு இன்ச் பிவிசி பைப்பை நட்டு, கீழே ஓட்டைகள் போட்டு வலை சுற்றி, அதற்குள் சென்சாரை எஃகு ஒயரில் தொங்கவிடுங்கள். அடிச் சேற்றிலிருந்து ஒரு முழம் மேலே நிற்கட்டும். குடிநீர் ஊருணி என்றால் ஊரில் கேட்காமல் ஒரு குச்சியும் நடக் கூடாது, கால் நனைக்கவே விடாத ஊருணிகள் இன்னும் இருக்கின்றன. பைப்பின் வெளிப்பக்கம் சென்டிமீட்டர் கோடு வரைந்து, வாரத்துக்கு ஒரு தடவை கண்ணால் பார்த்து நேரத்தோடு எழுதச் சொல்லி அருகில் இருக்கும் யாரிடமாவது கேளுங்கள். கண் எண்ணும் லாகர் எண்ணும் 1 சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் நல்லது. வாரா வாரம் விலகல் ஒரே பக்கம் வளர்ந்தால் சென்சார் நகர்கிறது, அல்லது ஒயர் நழுவுகிறது.

ஒன்பது மாதம் கழித்துக் கழற்றி வந்ததும் கார்டைப் பிடுங்கும் முன் செல்போன் நேரத்தையும் லாகர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அதே ஐஸ், அதே உப்பு பாட்டில் இன்னொரு தடவை. போகும்போது 74.6 காட்டிய சென்சார் வரும்போது 79 காட்டினால் அந்த ஒன்பது மாதத்து ஈரப்பத எண்களை வெளியே கொடுக்காதீர்கள். அவற்றோடு வந்த வெப்ப எண்களை ஐஸில் தேறிய டிஎஸ்18பி20-ஓடு ஒப்பிட்ட பிறகு பயன்படுத்தலாம். கழற்றிய லாகரை அலமாரியில் வைக்கும்போது ஏஏ பேட்டரிகளை எடுத்துவிடுங்கள், ஒழுகினால் ஹோல்டரின் ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். சிஆர்2032-ஐ மட்டும் அப்படியே விட்டுவையுங்கள்.